பாணி மெஷினும் யூஜினாவின் செருப்பும்

யூஜினாவுக்கு வாய் நீளம். பக்கத்து லயத்தில் குடியிருக்கும் டெல்சி, அதாவது நான், சொல்கிறேன். அவள் கோபித்தால் கோபிக்கட்டும். தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், நோட்டன் பிரிட்ஜில் பூரணி அக்கா கித்துள் மரத்துப் பாகான பாணியைப் போத்தலில் அடைக்கும் இடத்துக்கு என்னோடு வேலைக்கு வந்தாள். போத்தல் நிரப்பும் புது மெஷின் இறங்கியதுமே, "நாந்தான் ஓட்டுவேன்" என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"ஓட்டிக் காட்டு. சரிவரலேன்னா ஹட்டன்ல இருந்து மெஷின் ஓட்ட ஆள் கூப்புடுவேன். நீ கொழுந்துக்கே போயிரு" என்றார் அக்கா.

முதலில் தண்ணீர். யூஜினா திரையில் பத்து என்று அழுத்தினாள். ஒரு நிமிடத்தில், ஒரு லீட்டர் பிடிக்கும் பத்துப் போத்தல்களும் கழுத்துவரை நிரம்பின. கை தட்டினோம். பிறகு அதே பத்தில் பாணி ஓடியது. போத்தல்கள் முக்கால்வாசிதான் நிரம்பின.

"ஐயையோ, மெஷினே குடிக்குதா?" என்றேன்.

அவள் ஒரு லீட்டர் பாணியைத் தராசில் வைத்தாள். ஒரு கிலோ முந்நூற்றைம்பது கிராம். தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடியே, இது காட்டுறது லீட்டர் இல்லடி, கிலோ! தண்ணி லீட்டருக்கு ஒரு கிலோ, அதான் வித்தியாசம் தெரியல. பாணி கனம். பத்துப் போத்தலுக்குப் பதிமூணரை வைக்கணும்!"

அதற்குள் வேலை நேரம் முடிந்துவிட, வீடு போகும்வரை துள்ளிக்கொண்டே வந்தாள். எனக்கும் கால் தரையில் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் பதிமூன்றரை வைத்தாள். அம்மாடி! கழுத்தைத் தாண்டி, மேசையைத் தாண்டி, என் மடியில் பாணி. அக்கா ஓடி வந்தார். ஒரு செருப்பு வழியிலேயே ஒட்டிக்கொண்டது.

"நிப்பாட்டுடி! மெஷின் வித்தவங்கள்ட்ட கேட்டு, நேத்து நீங்க போனப்புறம் லீட்டர் காட்டுற மாதிரி மாத்தி வச்சேனே!"

"சொல்லக்கூடாதாக்கா? நானும் கணக்குப் போட்டுக் கூட்டி வச்சிட்டேனே!"

"நீ மட்டும் சொன்னியா?"

யூஜினாவின் கண் கலங்கியது. போச்சு, இனி கொழுந்துதான் என்று நினைத்தேன். அவள் வாசல் பக்கம் திரும்பினாள். நகர முடியவில்லை. இரண்டு செருப்பும் தரையோடு ஒட்டியிருந்தன.

அக்கா தன் வெறும் காலைப் பார்த்தார், அவள் செருப்பைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கடி போற? பத்தை அழுத்து."

அழுத்தினாள். பத்துப் போத்தலும் கழுத்துவரை நிரம்பின, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அழுகையும் சிரிப்புமாக என்னைக் கட்டிப்பிடித்தாள், பாணிக் கையோடு.

ஹட்டனுக்கு அக்கா போன் போடவேயில்லை. செருப்புகளைத்தான் சுடுதண்ணீர் ஊற்றிக் கிளப்பினோம்.