வீட்டில் ஒருவர்

மக்கள்தொகைக் கணக்கெடுக்க, பள்ளி ஆசிரியரான என்னைக் கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையடியில் இருந்த ஒரு சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். துணைக்கு அந்த ஊர் மாட்டுவண்டிக்காரர் வந்தார். ஒடிசலான உடம்பு, தலையில் சிவப்புத் துண்டு. ஒவ்வொரு வாசலிலும் நான் கேட்பதற்கு முன்பே, "இந்த வூட்டுல அஞ்சு பேருங்க சார்" என்று அவரே சொல்லிவிடுவார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

தன் வீட்டு வாசலில் மட்டும், "ரெண்டு பேரு" என்றவர், "இல்ல சார், ஒண்ணுதான்" என்று திருத்தினார்.

சங்கடத்தில் பேச்சை மாற்றினேன். "ஊருக்கு பஸ் வருதா?"

"இப்ப தெனம் நாலு தபா வருதுங்க. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தப்ப வரல. நாங்கதான் ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டோம். மறாநாளே எம் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வண்டியில இட்டுக்கினு போனேன். நான் வெட்டுன புளியமரமே குறுக்கால கெடக்குது. எறக்கித் தூக்கிக்கினு நடந்தேன். கொஞ்ச தூரத்துலயே பூட்டா சார். வயித்துல இருந்த புள்ளயும் பூட்சி."

"நீங்க மரம் வெட்டப் போயிருக்க வேணாம்" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

"அப்பிடிச் சொல்லாதீங்க. எங்க பசங்க படிக்கத்தான் வெட்டுனோம். எம் மச்சான் புள்ள இப்ப காலேஜு போவுது. அத தப்புன்னு எப்பிடிச் சொல்லுவேன்? ஆனா அவளுக்கு இன்னா பதிலு சொல்றது?"

படிவத்தில் ஒன்று என்று எழுதினேன். அடுத்த வீட்டுக்குப் போகாமல் வெகுநேரம் அவரோடு அந்த வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.