ஜிஜாவின் நான்கு மூலைகள்

ஜிஜாவின் முகத்தில் கரி ஆயில் ஊற்றியது, அவளை வாழ்த்தி ஃப்ளெக்ஸ் வைத்த அதே கிளப்காரர்கள்தான். முகம் என்றால் படத்திலிருந்த முகம். பாறசாலை தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக்குப் போகிற வழியில், எங்கள் முக்கில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அந்த ஃப்ளெக்ஸ் ஒரு வாரம் நின்றது. ஆசிய மகளிர் ஹேண்ட்பால் போட்டிக்கான இந்திய முகாமில் எங்கள் ஊர்ப்பெண் இருக்கிறாள் என்று மலையாளத்தில் எழுதி, அதற்கு மேலே இன்னும் பெரிதாக ‘கேரளத்தின் அபிமானம்’, அதாவது பெருமை, என்று போட்டிருந்தார்கள். கீழே கமிட்டிக்காரர்கள் வட்டம் வட்டமாகச் சிரித்தார்கள். இங்கே யாருக்கு ஃப்ளெக்ஸ் வைத்தாலும் வைக்கிறவர்களின் முகமும் அதில் வந்தாக வேண்டும். பத்தாம் வகுப்பு பாஸானாலும் சரி, செத்துப்போனாலும் சரி, அதுதான் முறை. இடது மூலை வட்டத்தில் செயலாளர் அஜேஷ், கறுப்புக் கண்ணாடியுடன். வலது மூலையில் தலைவர் மோகனன். நடுவில் எங்கோ நானும் இருந்தேன், கண் மூடின படம்.

தப்பு அந்தக் ‘கேரளத்தின்’ என்ற சொல்லில் இருந்தது.

ஜிஜாவின் வீடு எங்கள் மதிலுக்கு அப்பால். அப்பா இல்லை. அம்மா சத்தியபாய் அண்டியாபீஸில், அதாவது முந்திரிக்கொட்டைக் கம்பெனியில், கொட்டை உடைக்கிறாள். கிளப் மைதானத்தில் பந்து பழகிய பெண்களில் கடைசிவரை ஆட்டத்தில் நின்றவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஜிஜா. இன்னொருத்தி அஜேஷின் தங்கை ஆதிரா. ஜிஜா எறிவாள், ஆதிரா கோலியாகக் கோலில் நின்று தடுப்பாள். பிளஸ் டூ முடிந்ததும் ஆதிராவுக்குத் திருவனந்தபுரத்துக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஜிஜாவுக்குக் கிடைக்கவில்லை. களியக்காவிளைக்கு நடந்து, அங்கிருந்து தமிழ்நாட்டு பஸ் ஏறி மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிக்குப் போனாள். கல்லூரி அணி, மாவட்ட அணி என்று ஏறி தமிழ்நாட்டுச் சட்டை போட்டாள். அது அவள் வீட்டுக்குத் தெரியும், ஆதிராவுக்குத் தெரியும். ஊருக்கு ஹேண்ட்பாலும் வாலிபாலும் ஒன்றுதான், யார் எந்தச் சட்டை போட்டால் என்ன.

போன வருடம் தேசியப் போட்டி அரையிறுதியில் கேரளமும் தமிழ்நாடும் மோதின. சமநிலையில் இருந்தபோது தமிழ்நாட்டுக்கு ஒரு ஏழு மீட்டர் கிடைத்தது. கோலியைத் தவிர நடுவில் யாரும் நிற்காத ஒற்றை எறி அது. எறிந்தவள் ஜிஜா, நின்றவள் ஆதிரா. பந்து ஆதிராவின் வலது காலை ஒட்டிக் கீழ்மூலையில் போய் விழுந்தது. ஆதிரா ஊருக்கு வந்து ஷூவைக் கழற்றிப் பரணில் போட்டாள். தோற்றது தமிழ்நாட்டிடம் என்று மட்டும் வீட்டில் சொன்னாள். எறிந்தது யார் என்று சொல்லவில்லை.

ஃப்ளெக்ஸ் வைத்த வாரம் பத்திரிகையில் முகாமின் பெயர்கள் வந்தன. ஜிஜாவின் பெயரை ஒட்டி ‘தமிழ்நாடு’ என்றிருந்ததை அஜேஷ் டீக்கடையில் வைத்துப் படித்தான். நேரே வீட்டுக்குப் போய் தங்கையைக் கேட்டிருக்கிறான்.

“ஒனக்கு இது தெரியுமாட்டி?”

“தெரியும்.”

“பின்னெ என்னத்துக்குச் சொல்லல்ல?”

“நீ கேக்கல்லியே. ஃப்ளெக்ஸ் அடிச்சப்போ எனக்க கிட்டெயா கேட்டு அடிச்செ?”

சாயங்காலம் முகாமிலிருந்து திரும்பிய ஜிஜா பஸ்ஸை விட்டு இறங்கும்போது அஜேஷ் முக்கில் நின்றான்.

“எட்டி ஜிஜா, நில்லு. நீ எந்த ஸ்டேட்டுக்குக் களிச்செ?”

“தமிழ்நாட்டுக்கு.”

“ரேஷன் எங்கெ வாங்குறெ?”

“இங்கெ.”

“ஓட்டு?”

“இங்கெதான். கிளப்பு ஆளுவதானே அண்ணா அம்மயெ ஆட்டோவிலெ கொண்டு போனது.”

டீக்கடைக்குள் யாரோ சிரித்தார்கள். அஜேஷின் குரல் உயர்ந்தது.

“ரேஷன் அரி இங்கெ, களி அங்கெ. எனக்க தங்கச்சிக்கு எதிரெ பந்தெறிஞ்சது நீதானே?”

“கோலிலெ அவ நின்னா. நான் பின்னெ யாருக்கு எறியதுக்கு?”

அன்று இரவு ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டிகளிலிருந்து வடித்த கரி ஆயில் வந்தது. காலையில் ஃப்ளெக்ஸில் ஜிஜாவின் நெற்றியிலிருந்து தாடை வரை கறுப்பு வழிந்து, கீழே வலப்பக்கம் சாய்ந்து மோகனனின் காதைத் தொட்டு நின்றது. ஊற்றியவர்கள் தங்கள் முகங்களில் படாமல் கவனமாகத்தான் ஊற்றியிருந்தார்கள். ஜிஜா பால் வாங்கப் போனவள் அதைப் பார்த்தாள். திரும்பி வந்து அரிவாளை எடுத்துக்கொண்டு போய்க் கயிற்றை அறுத்தாள். முக்கில் நின்ற எல்லாரும் பார்க்க, அதைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் பிளவுஸ் முழுக்க எண்ணெய்.

சத்தியபாய் அதைத் தரையில் விரித்துப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கறுப்பு ஒன்றும் புதிதில்லை, கொட்டையெண்ணெயில் அவள் விரல்கள் எப்போதுமே அந்த நிறம்தான்.

“போகட்டு மக்கா. நல்ல கனமுள்ள ஃப்ளெக்ஸாக்கும். ஆட்டுக்கூடு ஒழுகுது, மேலெ போடலாம்.”

முகாமில் முதல் கட்டம் முடிந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த மாதம் கடைசித் தேர்வு. அதில் பதினாறு பேர் மட்டும் விமானம் ஏறுவார்கள். பயிற்சியாளர் ஜிஜாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: உயரம் போதாது, ஓட்டம் போதாது, ஏழு மீட்டர் எறிவதற்கு ஒருத்தி வேண்டும், தேறினால் அதில் தேறு. அதற்கு அவளுக்கு வேண்டியது ஒரு கோல், ஒரு பந்து. பந்து இருந்தது. கல்லூரி மைதானம் விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்தது. கிளப் மைதானத்துக்குப் போனால் கோல் போஸ்ட் இரண்டையும் காணவில்லை. ஊன்றியிருந்த குழிகள் மட்டும் இருந்தன. அஜேஷ் தன் டிப்பரில் ஏற்றி கிளப் கட்டிடத்துக்குப் பின்னால் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டான்.

“போஸ்ட் கிளப்புக்க சொத்து. தமிழ்நாட்டுக்காரிக்கு வேணுமெங்கில் எல்லைக்கு அப்புறம் போய் ஊணட்டு.” கமிட்டியில் அவன் இதைச் சொன்னபோது மோகனன் தலையாட்டினார். மற்றவர்கள் ஃபோனைப் பார்த்தார்கள்.

ஜிஜாவின் வீட்டுக்குப் பின்னால் பழைய ரப்பர் மரங்களை வெட்டி மாற்றின வெளி ஒன்று உண்டு. புதுக் கன்றுகள் இன்னும் வைக்கவில்லை. அங்கே இரண்டு கமுகுத்தடியை ஊன்றி மேலே ஒன்றைக் கட்டினாள். மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். அளந்து முடித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும். நேரே ஆட்டுக்கூட்டுக்குப் போய் ஃப்ளெக்ஸை உருவினாள். கோலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல அது பொருந்தியது. பிறகு கத்தரிக்கோலால் நான்கு மூலைகளிலும் ஒரு பந்து நுழைகிற அளவுக்கு வட்டம் வெட்டினாள். மேல்மூலைகளில் கிளப்பின் சின்னமும் ‘அபிவாத்தியங்கள்’ என்ற வாழ்த்தில் பாதியும் போயின. கீழே வட்டம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அஜேஷின் முகத்தை அச்சுக்கோடு பிசகாமல் வெட்டியெடுத்தாள். அந்தப் பக்கம் மோகனன்.

ஓட்டையில் போனால் கோல். துணியில் பட்டால் தவறு. நடுவில் கறுத்துப்போன அவள் முகம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. முக்கால்வாசிப் பந்துகளும் அஜேஷ் இருந்த மூலைக்கே போயின. அது கோபம் மட்டுமில்லை, அவள் கை வழக்கமும் அதுதான். கோலியின் வலது காலோரம். மதிலுக்கு இப்பால் எனக்கு நாள் முழுக்க அந்தச் சத்தம். ஓட்டையில் போனால் பின்னால் மண்ணில் ‘பொத்’. துணியில் பட்டால் சாட்டையடி.

செய்தி அஜேஷுக்குப் போனது. பின்னாலேயே ஆதிராவும் வர, அவன் மதில் வழியாக அல்ல, முறைப்படி வாசல் வழியாக வந்தான்.

“ஃப்ளெக்ஸ் கிளப்புக்க காசிலெ அடிச்சது. இங்கெ தா.” சொல்லிக்கொண்டே கோலைப் பார்த்தவன் நின்றுவிட்டான். “எட்டி... எனக்க மொகம் எங்கெ?”

சத்தியபாய் ஆட்டுக்கூட்டைக் கைகாட்டினாள். “காடித்தண்ணிப் பானைக்கு மூடி இல்லாத்ததினாலெ வச்சேன். வேணுமெங்கில் கழுவித் தாறேன் மக்கா.”

“கொழுப்பு தள்ளைக்கும் மகளுக்கும்! நாட்டுக்குத் துரோகம் செய்தவளுக்கு நாங்க...”

“எந்த நாட்டுக்கு அண்ணா?” ஜிஜா பந்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். “களிக்கப் போறது இந்தியாவுக்காக்கும்.” கேட்டுவிட்டு அவன் பதிலுக்கு நிற்காமல் எறிந்தாள். பந்து அவன் முகமிருந்த ஓட்டையில் நுழைந்தது. மறுபடி எறிந்தாள், மறுபடியும் அங்கேயே.

ஆதிரா முன்னால் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நின்றாள்.

“ஓட்டை அசையாதுட்டி. அதிலெ ஆரும் போடுவா. எறி.”

“நீ எதுக்கு நிக்கிறெ?”

“ஒன்னெ ஜெயிக்க வைக்க வந்தேன்னு நினையாண்டாம். எறி.”

ஜிஜா எறிந்தாள். ஆதிராவின் வலது கால் முன்பே அங்கே இருந்தது. பந்து காலில் பட்டு ஆட்டுக்கூட்டுக்குப் போனது. இரண்டாவதும் அப்படி. மூன்றாவதை ஆதிரா குனிந்து கையால் எடுத்து, எடுத்த வேகத்தில் ஜிஜாவின் காலடியில் எறிந்தாள்.

“ஒரு வருஷமா கண்ணெ மூடினா எனக்கு இந்தப் பந்தாக்கும். எறியதுக்கு முன்னெ நீ தோளெத் தாத்துவெ. அன்னைக்கு எனக்குத் தெரியல்ல, பின்னெ வீடியோ பாத்துப் பாத்துத் தெரிஞ்சுது. இனி கேம்பிலெ உள்ளவளுவளுக்கும் தெரியும். இதையா கொண்டு போகப் போறெ? சவம்.”

ஜிஜாவின் முகம் ஃப்ளெக்ஸில் இருப்பதைவிடக் கறுத்தது. முகாமில் கடைசி வாரம் அவள் எறிந்ததெல்லாம் தடுக்கப்பட்டதற்குக் காரணம் அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்கும்.

“வீட்டுக்கு வாட்டி,” என்றான் அஜேஷ்.

“நீ போ. எனக்கு ஜோலி உண்டு.”

மறுநாளிலிருந்து ஆதிரா தினமும் வந்தாள். அது சமாதானம் ஒன்றுமில்லை. நான் அவ்வளவு பகையோடு இரண்டு பேர் ஒரு வேலையைச் செய்து பார்த்ததில்லை. ‘வா’ என்று இவள் சொல்வதில்லை, ‘போறேன்’ என்று அவள் சொல்வதில்லை. ஒருத்தி கிணற்றடியில் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை மற்றவள் அங்கே போகமாட்டாள். ஒருநாள் பந்து ஆதிராவின் மூக்கில் அடித்து ரத்தம் வந்தது. ஜிஜா மன்னிப்புக் கேட்கவில்லை. ஆதிரா கையால் துடைத்துக்கொண்டு “கீழெ கொண்டு வா, பேடியா?” என்றாள். சத்தியபாய்தான் ஈரத்துணி கொண்டுவந்து இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள். முக்கில் ‘கேரளம் ஒரு பக்கம், தமிழ்நாடு ஒரு பக்கம், நடுவிலெ ஆடு’ என்று சொல்லிச் சிரித்தார்கள். அஜேஷ் மாலையில் மதிலோரம் டிப்பரை நிறுத்தி, தங்கை ஏறும்வரை ஹாரன் அடிப்பான்.

ஜிஜாவின் தோள் மெல்ல மெல்ல தாழ்வதை விட்டது. ஆனால் பந்து அந்த மூலையை விடவில்லை. பத்தில் ஏழை ஆதிரா தடுத்தாள். தடுக்கும்போதெல்லாம் ஒரு வசவு. ஆதிரா ஹாரனுக்குப் போன பிறகும் ஜிஜா அங்கேயே நிற்பாள். அப்போது வரும் சத்தம் வேறு மாதிரி இருந்தது. ‘பொத்’ என்பது கொஞ்சம் தாமதித்து, தூரத்தில் விழும். நான் எழுந்து பார்க்கவில்லை.

போகிற அன்று அவளை வழியனுப்ப யாரும் வரவில்லை. பாறசாலை ஸ்டேஷனுக்கு அம்மாவும் மகளும் நடந்தே போனார்கள். பத்து நாள் கழித்துப் பத்திரிகையில் பதினாறு பெயர்கள் வந்தன. கடைசிப் பெயர் ஜிஜா. அருகில் அதே ‘தமிழ்நாடு’. இந்த முறை முக்கில் ஃப்ளெக்ஸ் இல்லை.

ஆனால் ஆட்டத்தன்று கிளப் டிவி முன்னால் உட்கார இடமில்லை. திட்டுவதற்காவது பார்த்தாக வேண்டுமே. எதிரணிப் பெண்கள் ஒவ்வொருத்தியும் தென்னையளவு இருந்தார்கள். இந்தியா பதினொரு கோல் பின்னால். ஜிஜா பெஞ்சில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தாள். “பெஞ்சு சூடாக்கதுக்கு பிளேன் டிக்கெட்,” என்றான் அஜேஷ். ஆதிரா கதவோரம் நின்றாள்.

கடைசியில் ஒரு ஏழு மீட்டர் கிடைத்தது. துண்டை உதறிவிட்டு ஜிஜா வந்து கோட்டில் நின்றாள்.

“கீழெ,” என்றாள் ஆதிரா. “வலது காலு.” சொன்னவளின் வலது கால் தானாகவே பக்கவாட்டில் நீண்டு முன்னாலிருந்த நாற்காலியை இடித்தது.

டிவியில் கோலியும் அந்தக் காலைத்தான் நீட்டினாள். ஜிஜாவின் தோள் அசையவில்லை. பந்து மேலே, கோலியின் இடது கைக்கு அப்பால், கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது.

“கோலு!” அஜேஷ் துள்ளி எழுந்தான்.

“சதிச்சிட்டா,” என்றாள் ஆதிரா. “பாவி, எனக்கு அதெக் காட்டல்ல. ஒரு நாளும் காட்டல்ல.”

“நமக்குக் கோலு கிடைச்சா நீ எதுக்குட்டி திட்டுறெ?” என்று கேட்ட அஜேஷ், எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு உட்கார்ந்தான். “என்ன இருந்தாலும் தோத்தாச்சே,” என்று முனகினான்.

அந்த வாரமே மழை பிடித்தது. ஆட்டுக்கூடு ஒழுகியது. சத்தியபாய் கோலிலிருந்து ஃப்ளெக்ஸை அவிழ்க்கப் போனபோது ஆதிரா தலையில் ஒரு சுருளோடு படியேறி வந்தாள்.

“அது அங்கெ கெடக்கட்டு மாமி. இதெப் போடுங்க. கிளப்பிலெ சும்மா கெடந்துது.”

விரித்தால், அஜேஷுக்குப் பிறந்தநாள் வாழ்த்து. கறுப்புக் கண்ணாடியோடு, இந்த முறை முழு உடம்பும். இரண்டு பேருமாக அதை ஆட்டுக்கூட்டின் மேல் இழுத்துக் கட்டினார்கள்.

“அவ எப்போ வாறா?” என்று கேட்டாள் ஆதிரா.

“ஞாயிறாழ்ச்சை. என்ன மக்கா, கூட்டுக்காரியெப் பாக்கணுமா?”

“கூட்டுக்காரியா?” ஆதிரா கோலின் நடுவில் போய் நின்று, சாய்ந்து இடது கையை நீட்டி, மேல்மூலை ஓட்டையின் விளிம்பை எட்டப் பார்த்தாள். இரண்டு விரல் குறைவாக இருந்தது. “அவ வரட்டு.”