பூஜை போட்ட கம்ப்யூட்டரும் பழைய டிரைவரும்

கம்ப்யூட்டர் சர்வீஸில் ஒன்றைப் புதுசாக்கினால் பக்கத்தில் இருப்பது பழசாகிவிடும். இதே பிழைப்பில் அவதிப்படும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூடப் படித்தவர்கள் அமெரிக்கா, பெங்களூரு என்று பறந்துகொண்டிருந்த காலத்தில், நான் திருப்பதியில் ஒரு கடையில் இருந்தேன். சித்தூர் மாங்கூழ் தொழிற்சாலையின் சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றும் வேலை தனியாக என் கைக்கு வந்ததும், சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

நல்ல நேரத்தில் அப்கிரேடு

சீசனுக்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிடலாம் என்றேன். மேனேஜர் பாஸ்கர் கேட்கவில்லை. முதல் லோடு வரும் காலையில்தான் எல்லா மிஷினுக்கும் பூஜை. சர்வருக்கும் அன்றைக்கேதான் என்றார்.

மாற்றி முடித்தேன். சர்வர் பறந்தது! அந்தக் குஷியில் எடைமேடை கம்ப்யூட்டரைச் சோதிக்க மறந்துவிட்டேன். முதல் டிராக்டர் மேடையில் ஏறியதும் 'இணைப்பு இல்லை' என்றது திரை. நம் புரோகிராம் சொல்வதை சர்வரில் இருக்கும் டேட்டாபேஸுக்குக் கொண்டுசேர்ப்பது டிரைவர் என்கிற சின்ன மென்பொருள். இந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது பழசு, புது சர்வரோடு ஒத்துப்போகவில்லை. எடைச்சீட்டு இல்லாமல் பழம் இறக்க முடியாது. பாஸ்கர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பூஜைல ஒரு கொறையும் வெக்கல. கொறை உங்க சைடுதான் சார்."

பஸ்ஸில் வந்த டிரைவர்

வரிசையில் முதலில் நின்றது குடிபாலா என்ற ஊரிலிருந்து வந்த செல்வியின் டிராக்டர். குத்தகைத் தோப்பு, கனிந்த பழம். மதியம் தாண்டினால் சாறு ஒழுகும், கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த அம்மா முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

தொழிற்சாலையின் டெலிபோன் இன்டர்நெட்டில் அவ்வளவு பெரிய ஃபைல் இறங்காது. திருப்பதி கடையில் இருந்த குமாருக்கு போன் போட்டேன். அவன் புது டிரைவரை இறக்கி, சிடியில் ஏற்றி, சித்தூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினான். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து, பஸ் நிற்பதற்குள் நான் படியில் தொற்றிவிட்டேன். கண்டக்டர் பொட்டலத்தை நீட்டினார்.

"காத்தாட்டம் லேசா கீது, இதுக்கா இம்மாம் ஓட்டம்?"

அணைக்கக் கூடாத பெட்டி

புது டிரைவர் அழகாக ஏறியது. ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போதும். எடைமேடை ஆபரேட்டர் முனிரத்தினம் பாய்ந்து வந்து சுவிட்சை மறைத்தார்.

"காலைலதான் சூடம் காட்டி ஆன் பண்ணேன். மொத நாளே நிறுத்தினா சீசன் பூரா நின்னுக்கினே இருக்கும் சார்!"

கெஞ்சினேன். அசையவில்லை. மணி பன்னிரண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு செல்வி உள்ளே பார்த்தார்.

"ஏம்பா, ஏழுமலையானுக்கே டெய்லி நடை சாத்தித் தொறக்கறாங்க. உன் பெட்டி இன்னா அதுக்கு மேலயா?"

முனிரத்தினம் மானிட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தானே அணைத்தார், தானே போட்டார். இணைப்பு கிடைத்தது! பிரிண்டர் கரகரவென்று செல்வியின் சீட்டைத் தள்ளியது. நான் வெளியே ஓடி, டிராக்டர் முன்னால் நின்று குதித்தேன், கத்தினேன். செல்வி சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"கத்தனது போதும் நைனா, தள்ளிக்கோ. வண்டி உள்ள போவணும்."

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டை எதிர்பார்ப்பவர் வேறு வேலை தேடிக்கொள்வது நல்லது.