வைரவரை அணைத்த வேம்பு

நெல் வெட்டுக்கு நான் போனேன். மனைவி வந்தாள். அவளுடைய தம்பி வந்தான். வெட்டு மெசின் ஓட்டுகிற கிண்ணியா முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அவரும் வந்தார். வேறு ஒருவரும் இல்லை.

சம்பூரில் எங்கள் வயல் இரண்டு ஏக்கர். இடம்பெயர்ந்து, கனகாலம் முகாமில் கிடந்து, திரும்பி வந்து விதைத்த முதல் போகம் அது. இருபது மூட்டைக்குக் குறைந்தால் வயலை விட்டுவிட்டு டவுனுக்கு வருவது என்று மைத்துனன் பேசி முடித்திருந்தான். துறைமுகத்தில் எனக்கு வேலையும் பார்த்து வைத்திருந்தான். மனைவிக்குப் போக விருப்பமில்லை. எனக்கும் இல்லை. ஆனாலும் சரி என்றுவிட்டோம்.

வெட்டுக்கு முன் வைரவருக்கு முதல் கதிர் கொடுக்க வேண்டும். கோயில், கூரை ஒன்றும் கிடையாது. வயல் மூலையில் வேம்படியில் ஊன்றிய சூலம்தான் வைரவர். விதைக்கும்போது அந்த மூலை முழுக்கப் பற்றை. தள்ளி நின்றே கும்பிட்டோம். இப்போது பற்றையை வெட்டிக்கொண்டு போனோம்.

சூலம் நிலத்தில் இல்லை. வேம்பு அதைத் தன் வயிற்றுக்குள் எடுத்திருந்தது. மரம் பெருக்கப் பெருக்க இரும்பைச் சுற்றிப் பட்டை மூடியிருக்கிறது. மூன்று முனை மட்டும் வெளியே. நாங்கள் இல்லாத காலமெல்லாம் மரம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. எனக்கு உடம்பு புல்லரித்தது. கும்பிடவும் மறந்து நின்றேன்.

நானா செருப்பைக் கழற்றினார். "யா அல்லாஹ், இரும்பைத் திண்ட மரம்," என்றார்.

மனைவி கதிர்ப் பிடியை நடு முனையில் கட்டினாள்.

அந்த நேரம் பார்த்து மைத்துனன் கேட்டான்: "நானா, எத்தினை மூட்டை வரும்?"

வயலுக்குள் நின்று நெல்லை எண்ணக் கூடாது. எண்ணினால் விளைச்சல் குன்றும். டவுனில் இருந்து இருந்து அவனுக்கு அது மறந்துபோயிற்று.

"வாயைக் கழுவடா," என்றாள் மனைவி.

"சும்மாதானக்கா கேட்டனான்."

"சும்மா கேக்கிற இடமோ இது? நெல்லு கடையில விளையுதெண்டு நினைச்சிட்டாய்."

நானா சிரித்தார். "எங்கட வயல்லயும் கேக்கமாட்டம் தம்பி. மெசினுக்கும் காது இருக்கு."

மைத்துனன் வேம்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பின்னேரம் வெட்டி முடிந்தது. மூட்டைகளை டிராக்டர் பெட்டியில் ஏற்றினோம். ஒருவரும் எண்ணவில்லை. மனம் எண்ணப் பார்த்தது, அடக்கிக்கொண்டேன்.

வயல் தாண்டி றோட்டில் மில் லொறி நின்றது. இனி எண்ணலாம். மைத்துனன் மாற்றி ஏற்ற, மனைவி ஒவ்வொரு மூட்டையாகத் தொட்டு எண்ணினாள். முதலாவதை ஒன்று என்று சொல்லமாட்டாள். "லாபம்," என்று தொடங்கினாள். "ரெண்டு. மூண்டு."

பத்தொன்பதில் தம்பியைப் பார்த்தாள். அவன் பெட்டியைப் பார்த்தான். இன்னும் மூட்டை இருந்தது.

"இருபத்திமூண்டு."