கொழுந்தனார் செய்த கடல் சிலேட்டு

என் கொழுந்தனார் தாம் செய்யாத ஒரு பொருளைத் தாமே செய்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் பொருளை வைத்தே அவரை நான் பழிவாங்கினேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், எனக்கும் வயதாகிவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. வருத்தப்பட்டுக் கதை முடிப்பேன் என்று எதிர்பார்க்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எங்களுக்குத் தென்காசியில் பெயர்ப்பலகைக் கடை. டாக்டர் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் வாசலில் தொங்குமே, அந்தப் பிளாஸ்டிக் பலகைகள். பெயின்டால் எழுத மாட்டோம். கூரான இரும்பு ஊசியால் எழுத்தைக் கீறி, அந்தப் பள்ளத்தில் கறுப்பை இறக்கி, மேலே துடைத்துவிடுவோம். எத்தனை மழை பெய்தாலும் எழுத்து அழியாது. என் கணவர் அதில் கெட்டிக்காரர். கல்யாணமான புதிதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கறுப்பு இறக்க ஆரம்பித்தேன். போகப்போக ஊசியும் என் கைக்கு வந்துவிட்டது. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு காய்ச்சலில் அவர் போனார். கடையின் முன்பக்கத்தில் அவருடைய தம்பி உட்கார்ந்துகொண்டார். வேலை முழுக்கப் பின்கட்டில் நான் செய்தேன்.

"மதினி, வார ஆளுக கிட்ட நான் பேசிக்கிடுதேன். பொம்பளை வெட்டுன பலகைன்னு தெரிஞ்சா எவன் வாசல்ல மாட்டுவான்?" என்றார். சோறு போடுகிற வீடு, வாயை மூடிக்கொண்டேன். ஆனால் பலகையைக் கொடுக்கும்போது "ராத்திரி பகலா உக்காந்து வெட்டுனேன்" என்று கூசாமல் சொல்லுவார். எனக்குத் திரைக்குப் பின்னால் பற்றிக்கொண்டு வரும். ஊசி பிடித்து என் விரல் காய்த்துப் போயிருந்தது, அவர் விரலில் மோதிரம் மின்னியது.

அறுபதுகளின் தொடக்கத்தில், சாரல் தொடங்கிய புதிதில் ஒருவர் வந்தார். தூத்துக்குடிப் பக்கம் கடலுக்கடியில் இறங்கிச் சங்கும் பவளமும் பார்த்துக் குறிப்பெடுப்பவர். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு இறங்குவாராம். சீசனுக்காகக் குற்றாலத்தில் வீடு எடுத்திருந்தார். டாக்டர் வீட்டு வாசலில் எங்கள் பலகை மழையில் நனைந்து கொண்டிருந்ததைப் பார்த்து விசாரித்து வந்திருக்கிறார்.

"கடலுக்குள்ள பேச முடியாது, காகிதமும் நிக்காது. எத்தனை ஆழத்துல எவ்வளவு நேரம் இருக்கலாம், மேல வரும்போது எங்க நின்னு நின்னு வரணும், இதெல்லாம் கண்ணு முன்னால இருக்கணும். மிச்ச இடத்துல பென்சிலால எழுதணும், கரைக்கு வந்து அழிச்சுக்கணும். சிலேட்டு மாதிரிதான், ஆனா கடலுக்கு. முதல்ல ரெண்டு செஞ்சு காட்டுங்க. சரியா இருந்தா எங்க ஆட்கள் எல்லாருக்கும் அவங்கவங்களுக்கு வேணும்கிறபடி தனித்தனியா செய்யணும்" என்றார்.

"நம்ம கை படாத வேலையா? செஞ்சிருவோம்" என்றார் கொழுந்தனார்.

அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு சிலேட்டில் ஆழக் கணக்கு, இன்னொன்றில் சங்குகளின் படம். எழுத்து வெட்டுவது பழகிய வேலைதான். பென்சில் பிடிக்கிற மாதிரி மேல்பரப்பை ஆக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. பிளாஸ்டிக்கின் வழவழப்பில் பென்சில் வழுக்கியது. நைசான உப்புத்தாளால் வட்டம் வட்டமாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன். தொட்டித் தண்ணீரில் முக்கி எழுதிப் பார்த்தேன். சில இடத்தில் எழுதியது, சில இடத்தில் எழுதவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டேன். அப்புறம்தான் புரிந்தது, தலையைத் தொட்ட கையால் சிலேட்டைத் தொட்டிருக்கிறேன். எண்ணெய் பட்ட இடத்தில் பென்சில் ஏறவில்லை. சீயக்காய் போட்டுக் கழுவினால் மறுபடியும் ஏறியது. அன்றிலிருந்து வேலை முடியும்வரை தலைக்கு எண்ணெய் வைப்பதையே விட்டேன்.

கொழுந்தனாரின் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. "யக்கா, ஒரு பொட்டு எண்ணெ வைக்கப்படாதா? பாக்கவே பயமா இருக்கு" என்றாள். கொழுந்தனார் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். "மதினி சாமியாராப் போகப் போறாவ போல. விடுட்டி" என்றார். ஏன் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. சிலேட்டைச் செய்கிறவர் என்று ஊரில் பெயர் வாங்கியவர், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சிலேட்டுகள் முடிகிற சமயத்தில் ஒரு மத்தியானம் அவர் தம் மனைவியிடம் பேசியது காதில் விழுந்தது. "இந்த ஆர்டரு மட்டும் வந்துட்டுன்னா கூலிக்கு ஒரு ஆளப் போட்டுக்கிடலாம். மதினிய ராயகிரிக்கு அவிய அண்ணன் வீட்டுக்கு அனுப்பிருவோம். எத்தன நாளைக்கு வச்சுச் சோறு போட?"

என் புருஷன் பிடித்த ஊசி. என் கையால் ஓடுகிற கடை. எனக்குச் சோறு போடுகிறாராம். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த மனுஷனை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்காமல் ராயகிரி பஸ்ஸில் ஏறுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

வாய்ப்பு தானாக வந்தது. கடல்காரர் தம் வீட்டுத் தொட்டியில் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் கொழுந்தனாரிடம் குரலைக் குழைத்துக்கொண்டு சொன்னேன்: "தொட்டியில முக்குனா என்ன தெரியும்? ஐந்தருவியில வச்சுக் காட்டுங்க. அந்த அடிக்குத் தாங்குச்சுன்னா கடலுக்கும் தாங்கும். உங்க வேலைய நாலு பேரு பாக்கட்டுமே."

முகம் மலர்ந்துவிட்டது. "அதுஞ் சரிதான் மதினி" என்றார்.

அருவிக்குப் போனால் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் அவர் தண்ணீரில் தலையைக் கொடுக்க மாட்டார். அது எனக்குத் தெரியும். சோற்றுத் தூக்கோடு நானும் அவர் மனைவியும் கூடப் போனோம். என் மடியில் ஒரு சீயக்காய்ப் பொட்டலம் இருந்தது.

ஐந்தருவியில் அன்று நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். கடல்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். கொழுந்தனார் எண்ணெய் தேய்க்கிற ஆளிடம் முதுகைக் கொடுத்து, தொம் தொம்மென்று அடி வாங்கிவிட்டு, உடம்பெல்லாம் மினுங்க எழுந்து வந்தார். அதே கையைப் பைக்குள் விட்டு இரண்டு சிலேட்டையும் எடுத்தார். ஒன்றை உள்ளங்கையால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தடவினார்.

"பாத்தீயளா, எப்படி வழுவழுன்னு இருக்கு!"

"வழுவழுன்னு இருந்தா பென்சில் எப்படிங்க எழுதும்?" என்றார் கடல்காரர்.

கொழுந்தனார் சிரித்தபடி சிலேட்டை அருவி ஓரத்தில் நனைத்துப் பென்சிலை ஓட்டினார். கோடு விழவில்லை. மற்றதைத் தடவித் துடைத்துவிட்டு எழுதினார். அதிலும் விழவில்லை. அழுத்தினார், முனை முறிந்தது. குளிக்க வந்தவர்களில் சிலர் ஈரத்துண்டோடு சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"நீங்கதானே செஞ்சீங்க அண்ணாச்சி? என்ன கோளாறுன்னு பாருங்க" என்றார் கடல்காரர்.

அவர் திணறுவார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் அதற்கு மேலும் போனார்.

"நான் எங்கய்யா செஞ்சேன்? எல்லாம் எங்க மதினி வெட்டுனது. நமக்கு இதுல ஒண்ணும் தெரியாது. பொம்பளை கைவேலை, இப்படித்தான் இருக்கும்!"

வாயாரச் சொன்னார். அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்கிற மாதிரி, கத்திச் சொன்னார்.

நான் போய் அவர் கையிலிருந்த சிலேட்டுகளை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்துச் சீயக்காயைக் குழைத்து இரண்டையும் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் விழுகிற இடத்தில் சிலேட்டைப் பிடித்து, முறிந்த பென்சிலைக் கல்லில் தீட்டி, "ஐந்தருவி" என்று எழுதினேன். அருவி மேலே கொட்டிக்கொண்டே இருந்தது. எழுத்து அப்படியே நின்றது. கடல்காரர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் மனைவியிடமும் காட்டினார்.

"செஞ்ச கைக்குத் தெரியும், இதுல எண்ணெ படப்படாதுன்னு" என்றேன். கடல்காரரைப் பார்த்துத்தான் சொன்னேன். கொழுந்தனார் எண்ணெய் வழிகிற தம் இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அவர் மனைவி என் காய்ந்த தலையைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"அம்மா, மிச்ச சிலேட்டுக்கு நான் உங்க கிட்டயே பேசிக்கிறேன்" என்றார் கடல்காரர்.

"பேசுங்க. நான் தென்காசியிலதான் இருப்பேன். ராயகிரிக்குப் போறதா இல்ல" என்றேன். அந்தக் கடைசிப் பேச்சு கடல்காரருக்குப் புரிந்திருக்காது. புரிய வேண்டியவருக்குப் புரிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர்கள் இரண்டு பேரும் சோற்றைத் தொடவில்லை. நான் மட்டும் தூக்கைத் திறந்து புளியோதரையை நிம்மதியாகச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் தலைக்கு வழிய வழிய எண்ணெய் வைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம் என்பாள் என் ஓரகத்தி. நான் விடவில்லை. கடைக்கும் பின்கட்டுக்கும் நடுவில் தொங்கிய திரையைக் கழற்றிக் கரித்துணியாக்கினேன். அதன் பிறகு யார் வந்து பலகையை எடுத்துப் பார்த்து "அண்ணாச்சி, எழுத்து நல்லா விழுந்திருக்கே, யாரு வெட்டுனது?" என்று கேட்டாலும், நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு உள்ளேயிருந்து குரல் கொடுப்பேன்:

"கொழுந்தனாரே, ஐந்தருவியில சொன்னதை இங்கனயும் சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமுவார். மோதிரத்தைத் திருகுவார். "எங்க மதினி வெட்டுனது" என்பார்.

சில நாள் முணுமுணுப்பார். அன்றைக்கெல்லாம், "அருவிச் சத்தத்துல கேக்கல, இன்னும் கொஞ்சம் சத்தமா" என்பேன்.