திறக்கிற மூடி

என் தம்பி வைகுண்டராஜ் மரத்தில் சிறிய விமானங்கள் செய்வான். உடம்பும் இறக்கையும் செய்கிறவர்கள் மற்ற ஊர்களிலும் இருப்பார்கள். விமானி உட்காருகிற இடத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு மூடி இருக்குமே, அதை அளவு குறையாமல், உள்ளே இருப்பது நெளியாமல் தெரிகிற மாதிரி செய்கிறவனை அவனைத் தவிர நான் பார்த்ததில்லை. நான் எட்டாவது வரை படித்தவள். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கோன் சுற்றும் பகுதியில் வேலை. அக்கா என்பதால் கூட்டிச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மூடியை அவன் செய்தபோது மறுபக்கம் சட்டத்தைப் பிடித்திருந்தவள் நான்.

எண்பதுகளின் நடுவில் விமானப்படைக்கு ஆள் எடுத்தபோது இரண்டு தடவை மதுரைக்குப் போனான். பரீட்சையில் தேறினான், ஓட்டத்தில் தேறினான். சிறுவயதில் சீழ் வடிந்த இடது காதில் ஓட்டை இருக்கிறது என்று இரண்டு தடவையும் மருத்துவச் சோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு குருசாமி அண்ணாச்சியின் படம் சட்டம் போடுகிற கடையில் சேர்ந்தான். மிஞ்சின தேக்குத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து விமானமாகச் செதுக்க ஆரம்பித்தான். அண்ணாச்சி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

“ஏலே ராசு, பிளேனு எப்பக் கெளம்புது? சங்கரன்கோயிலுக்கு எனக்கொரு சீட்டுப் போடுலே. பஸ்ஸுல நிக்க முடியல.”

முதலில் செய்தவற்றில் மூடியையும் மரத்திலேயே செதுக்கி நீலப் பெயிண்ட் அடித்தான். எனக்கு அதுவே அழகாகத்தான் இருந்தது. அவன் ஒன்றைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “உள்ள ஆளு இருக்கானா இல்லையான்னே தெரியலயேக்கா” என்றான். அன்றைக்குப் பிடித்தது அந்தக் கிறுக்கு.

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற ஒருவரிடம், துணிப் பெட்டியின் மேல்புறத்துக்கு ஒட்டுகிற தெளிவான பிளாஸ்டிக் தகடு கிடைத்தது. மூடியின் வடிவத்தைத் தேக்கில் அச்சாகச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, அதற்குமேல் தண்ணீர் விட்டு வழுவழுத்தாளால் தேய்த்து, நகம் வழுக்குகிற வரைக்கும் விடமாட்டான். மரத்தின் ரேகை ஒன்று மிஞ்சினாலும் அது பிளாஸ்டிக்கில் பதிந்துவிடும். பிறகு தகட்டை இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில் இறுக்கி, மின்சார அடுப்புக்கு மேலே பிடிக்க வேண்டும். தகடு முதலில் நெளியும். பிறகு தானாக விறைக்கும். அதற்குப் பிறகு நடுவில் தொந்தி மாதிரித் தொங்கும். தொங்கின அந்த நொடியில் இரண்டு பேரும் சட்டத்தைத் தூக்கி அச்சின் மேல் ஒரே சீராக அமுக்க வேண்டும். ஒரு கை முந்தினால் ஒரு பக்கம் மெலிந்துவிடும். அதனால்தான் அவனுக்கு நான் வேண்டியிருந்தது.

சரியாக வராததை அவன் தூக்கி எறியமாட்டான். மறுபடி அடுப்புக்கு மேலே காட்டுவான். மூடியாக நின்றது மெல்ல மெல்ல அமுங்கி, பழையபடி தட்டைத் தகடாகிவிடும். எனக்கு அது பெரிய வேடிக்கை. சூடு பட்டால் அது பிறந்த உருவத்துக்குப் போய்விடும் என்பான்.

எங்களுக்கு வினையாக இருந்தது பஞ்சு. எங்கள் வீடு மில்லுக்குப் பின்னால் இருக்கிற சந்தில். அந்தச் சந்தில் சோற்றிலும் பஞ்சுப் பிசிறு இருக்கும். இளகின பிளாஸ்டிக்கில் ஒரு பிசிறு விழுந்தால் போதும், மயிர் மாதிரி ஒரு கோடு உள்ளேயே தங்கிவிடும். அதில் பெரும்பங்கு நான் கொண்டுவருகிறதுதான்.

“யக்கா, ஒந் தலையில ஒரு மெத்தைக்குப் பஞ்சு இருக்கு. குளிச்சிட்டு வா.”

“அப்ப ஒனக்குச் சோறு எவ பொங்குவா?”

“சோத்துல பஞ்சு கெடந்தாத் தின்னுருவேன். மூடியில கெடந்தா என்ன செய்ய?”

அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சித்தி வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையைக் கேட்டு வாங்கினான். அங்கே பஞ்சு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பால்கோவா அடுப்பு இருந்தது. அடுப்பு மூட்டினால் கரித்தூள் ஓட்டு இடுக்கு வழியாக இறங்கும். அவர்கள் அடுப்பு மூட்டாத விடியற்காலைதான் அவனுக்கு வேலை நேரம். தரையை நனைத்து, வாசலில் ஈரச்சேலை தொங்கவிட்டு, சட்டையைக் கழற்றி, தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முதல் பஸ்ஸில் போய், அங்கே கிணற்றடியில் தலைக்குக் குளித்து, ஈரத்துண்டோடு போய் நிற்பேன். பள்ளிக்கூடங்களும், மதுரையில் என்.சி.சி. பயிற்சி கொடுக்கிற ஒருவரும் அவனிடம் விமானம் வாங்கினார்கள். மூடியைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் போனதில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் கான்சாபுரத்திலிருந்து சோலைச்சாமி என்பவரும் அவர் மனைவி கருத்தம்மாவும் அந்த அறைக்கு வந்தார்கள். அன்று ஞாயிறு, நானும் இருந்தேன். சோலைச்சாமி பட்டாளத்தில் இருந்து வந்து விவசாயம் பார்க்கிறவர். அவர்களுடைய ஒரே மகன் தவசிமுத்து விமானப்படையில் விமானி ஆகப் படித்துக்கொண்டிருந்தபோது பயிற்சி விமானம் விழுந்து இறந்துவிட்டான். அந்த விமானத்தை அதே மாதிரி செய்து தர வேண்டும் என்று ஒரு போட்டோவை நீட்டினார். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற விமானம். மூடி பெரியது.

தம்பி அளவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தான். கருத்தம்மா எழுந்து போய், அலமாரியில் இருந்த ஒரு விமானத்தின் மூடியை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

“இது தெறக்காதாய்யா?”

ஒட்டிவிடுவதுதான் வழக்கம் என்று தம்பி சொன்னான்.

“எம்புள்ளைக்குத் தெறக்கல. கூடப் படிச்ச பையன் இவுககிட்டச் சொன்னத நான் அடுப்படியில இருந்து கேட்டேன். மூடி தெறக்கல, அதான் வெளிய வர முடியல. இதுலயாச்சும் தெறக்கணும்.”

சோலைச்சாமி திரும்பி மனைவியைப் பார்த்தார். தனக்கு மட்டும் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த விஷயம் அது. தம்பி, “தெறக்கும்மா” என்றான்.

அந்த வார்த்தையைச் சொன்ன நாளிலிருந்து அவன் வேறு எந்த வேலையும் ஒப்புக்கொள்ளவில்லை. குருசாமி அண்ணாச்சி கடைக்கும் சரியாகப் போகவில்லை. ஒட்டுகிற மூடியில் ஓரம் கோணலாக இருந்தாலும் பெயிண்ட் அடித்து மறைக்கலாம். திறக்கிற மூடியில் ஓரம் வெளியே தெரியும். அச்சில் எடுத்த மூடியை முன்பாகம், பின்பாகம் என்று அறுக்கவும் வேண்டும். பிளேடால் ஒரே கோட்டில் கீறிக்கொண்டே இருப்பான். பாதி வரும்போது ‘டிக்’கென்று ஒரு சத்தம் வரும், விரிசல் குறுக்கே ஓடியிருக்கும். உடைந்ததை ஓரமாக வைப்பான். அப்புறம் புதுத் தகடு எடுப்பான். கோடைக்காற்றில் தூசி அடங்காததால், ஐப்பசி மழைக்குக் காத்திருந்தோம்.

மழை விட்ட ஒரு காலையில் அவன் நினைத்த மூடி வந்தது. தகடு தொங்கினது, நாங்கள் அமுக்கினது, ஆறினது எல்லாம் மற்ற நாள் மாதிரிதான். அச்சிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். மூடி கையில் இருப்பதே தெரியவில்லை, அவன் விரல்கள்தான் தெரிந்தன. அறுக்கும்போதும் விரியவில்லை. பழைய மோட்டாரிலிருந்து எடுத்த செம்புக் கம்பியில் கீல் வைத்தான். உள்ளே இரண்டு இருக்கைகள், விமானியைக் கட்டுகிற பட்டை வார் உட்பட. நகத்தால் தூக்கினால் திறந்து நின்றது, இறக்கினால் அதே இடத்தில் மூடிக்கொண்டது. அன்று முழுவதும் அவன் சாப்பிடவில்லை. அதைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தான். இந்த ஊர்ப்பக்கம் எத்தனையோ கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அந்த மூடியைப் போல ஒன்றை அவர்களில் யாரும் செய்திருக்க முடியாது.

கான்சாபுரத்துக்கு வத்திராயிருப்பு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கருத்தம்மா அழவில்லை. திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். கிளம்பும்போது அவன் சோலைச்சாமியிடம் ஒன்றே ஒன்று சொன்னான். தூசி மட்டும் படக்கூடாது, தூசியைத் துணியால் துடைத்தால் கீறல் விழும், மங்கிவிடும் என்றான். அத்தனை வருஷம் அவன் பயந்தது அதற்குத்தான். எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

சோலைச்சாமி சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். வீட்டுக்குள் மகனுடைய படத்துக்கு முன்னால் விமானத்தை வைத்து, தூசி நுழையாதபடி கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டி செய்து அடைத்துவிட்டார். படத்துக்கு ஏற்றுகிற விளக்கும் பெட்டிக்குள்தான், மேலே புகை போகச் சின்னத் துளை மட்டும். கருத்தம்மா பகலெல்லாம் மூடியைத் திறந்தே வைத்திருப்பாராம். சாயங்காலம் விளக்கேற்றும்போது, மகன் மேல் புகை படக்கூடாது என்று மூடிவிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்துவாராம். தினமும் ஒற்றைத் திரி, கொஞ்ச நேரம். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

மகனுடைய வருஷத் திவசத்தன்று சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள். விளக்கின் ஐந்து முகத்திலும் திரி போட்டு ஏற்றி, நெய் வார்த்து, கதவைச் சாத்திவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். பந்தி முடிந்து கருத்தம்மா வந்து பார்த்தபோது மூடி அமுங்கிப்போயிருந்தது. இரண்டு இருக்கைகளின் மேலேயும் படுத்து, அவற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆள் வந்து சொல்லி, நாங்கள் மறுநாள் போனோம். தம்பி அதைக் கையில் வாங்கினான். நகத்தால் நெம்பிப் பார்த்தான். வரவில்லை. சோலைச்சாமி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தூணோரம் நின்றார்.

“வேற செஞ்சு தாரேம்மா. இத விட நல்லா, கெட்டித் தகட்டுல” என்றான் தம்பி.

கருத்தம்மாவின் குரலில் கோபமே இல்லை.

“வேண்டாம்யா. ரெண்டு தடவ ஆயிப்போச்சு. மூணாவதும் அவன உள்ள வச்சுப் பூட்டச் சொல்லுதியா? இத எடுத்துட்டுப் போயிரு. என் கண்ணுல படக்கூடாது.”

பஸ்ஸில் அதை மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. சித்தி வீட்டுக்கு அவன் இறங்கவில்லை. நேராக ராஜபாளையம் வந்துவிட்டான். சூடு பட்டால் அது தட்டைக்குத் திரும்பிவிடும் என்று எல்லாரையும் விட அவனுக்குத்தான் தெரியும். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தோமே என்று ஒரே ஒரு தடவை சொன்னான். எந்த வீட்டில் செத்தவன் படத்துக்கு முன்னால் விளக்கு இல்லாமல் இருக்கிறது என்று என்னைக் கேட்டான்.

சோலைச்சாமி ஒரு தடவை தனியாக வந்தார். மனைவி இப்போது விளக்கே ஏற்றுவதில்லை, படத்தையும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டாள், என்னால்தான் இது என்றார். தம்பி அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டான். செய்து தருகிறேன் என்று சொல்லவில்லை.

மதுரைக்காரர் ஆள் அனுப்பினார், பள்ளிக்கூடங்களிலிருந்தும் கேட்டார்கள். அச்சுகளையெல்லாம் சித்தி வெந்நீர் அடுப்புக்கு எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டான். நான் போய்க் கேட்பதற்குள் எரித்துவிட்டார்கள். தொண்ணூற்று மூன்றில் எங்கள் மில்லிலேயே, பஞ்சு பிரித்துப் போடுகிற புளோ ரூமில் சேர்ந்தான். மில்லில் பஞ்சு அதிகம் பறக்கிற இடம் அது. வேறு பிரிவு கேட்கலாம் என்று மேஸ்திரியிடம் நான் பேசினேன். அவன் வேண்டாம் என்றுவிட்டான்.

இன்னமும் அங்கேதான் இருக்கிறான். கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுகிறான். மில் விட்டு வந்ததும் நான் வாசலில் நின்று சேலையை உதறி, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போகிறேன். பழகிப்போய்விட்டது. அவன் எனக்குப் பின்னால் வருகிறான். புருவத்தில், மீசையில், காது மடலில் எல்லாம் பஞ்சு. அதை உதறாமல் அப்படியே உள்ளே போய்ச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறான்.