யூனிஸ் இறங்கிய குழி

சிரிலை அடக்கம் செய்த அடுத்த வாரமே யூனிஸ் வேலைக்குப் போய்விட்டாள். பெங்களூர் மர்பி டவுன் சனங்கள் ஒரு மாதிரியாகப் பேசினார்கள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அழுகையும் வரவில்லை.

அவள் புருஷன் சிரில் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். 2001இல் சுரங்கத்தை மூடியதும் பெங்களூருக்குக் குடிவந்து, அடுகோடியில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு வாட்ச்மேனாகப் போனான். மறு வருஷம் வேலைக்குப் போகிற வழியில் லாரி அடித்துச் செத்துப்போனான். இப்போது வீட்டில் யூனிஸும் மாமியார் ஞானம்மாளும்தான். ஒரு தடவை அழுதுடும்மா என்று ஞானம்மாள் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

யூனிஸுக்கு ஊருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே சில்வர் ஓக் மர வரிசைகளுக்கு நடுவே ராகி விதைத்திருந்தார்கள். வெயிலிலும் தண்ணீரிலும் மரம் எவ்வளவு எடுத்துக்கொள்ளும், பயிருக்கு எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு புரோகிராம் கணக்குப் போடும். மழை, வேரின் ஆழம் எல்லாவற்றையும் அவள்தான் அதில் ஏற்றுவாள். மரம் அடியில் குடிக்கும், ராகி மேலே குடிக்கும், இரண்டுக்கும் தகராறு இல்லை என்றே அது சொல்லிவந்தது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. மரத்தை ஒட்டிய ராகி முழங்கால் உயரத்திலேயே கருகியது. புரோகிராமோ சுமாராக விளையும் என்றது. விஞ்ஞானி ரங்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மரத்துக்கும் பயிருக்கும் நடுவே குழி வெட்டிப் பார்த்துவிடலாம் என்றார். வேரைக் கழுவி அளக்க ஆள் போதவில்லை. யூனிஸ் புடவையைச் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினாள்.

உள்ளே சில்லென்றிருந்தது. சுரங்கத்தைக் காட்டுகிறேன் வா என்று சிரில் கூப்பிட்டபோது பயந்து மறுத்தது நினைவுக்கு வந்தது. இப்போதாவது அழுகை வரும் என்று நின்றாள். வரவில்லை. மண்சுவரில் தண்ணீரைப் பீய்ச்சினாள். மர வேர்கள் மேல்மண்ணிலேயே ராகி வேர்களோடு பின்னிக் கிடந்தன.

ரங்கா மேலிருந்து எட்டிப் பார்த்தார். "போதும்மா, மேல வா. டீ வந்திருக்கு."

"பரவால்ல சார். இங்கயே இருக்கேன்."

"ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஞானம்மாள் அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, நகக்கண்ணெல்லாம் மண்ணு?"

"குழிக்குள்ள எறங்கி வேல செஞ்சேன் அத்தை."

"பயமா இருந்துச்சா?"

"இல்ல. ஒண்ணுமே தோணல."

"அவனும் மொத ஷிப்டு முடிஞ்சு வந்து அதான் சொன்னான்" என்ற ஞானம்மாள், வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து மருமகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டாள். யூனிஸ் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

அளந்த வேர் ஆழத்தைப் புரோகிராமில் ஏற்றியதும் கணக்கு வயலோடு ஒத்துப்போனது. ரங்கா எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கித் தந்தார். அடுத்த விதைப்புக்கு முன்னால் மரத்தோரம் பள்ளம் தோண்டி வேர்களை வெட்டினார்கள். ராகி பிழைத்தது. அந்த விளைச்சல் எண்களையும் யூனிஸ்தான் ஏற்றினாள். அதுவரை அவள் அழுதிருக்கவில்லை. ஞானம்மாளும் அழச் சொல்வதை விட்டிருந்தாள்.